நம் வீட்டு ஆண்பிள்ளைகள்

அண்மையில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் சற்றே அமர்ந்திருந்தோம். எதிர்த் தூணின் அடியில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் நால்வர் ஒரு கைபேசியைச் சூழ்ந்து குனிந்திருந்தனர். அதிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு குரல் உரத்து ஒலித்துக்கொண்டிருந்தது. பெண் என்பவள் ஆணுக்கு உடைமை, அவளை அடக்கியாளத் தெரியாதவன் ஆணே அல்லன் என்ற பொருள்பட அக்குரல் அறைந்து பேசிற்று. யார் தம்பி இவர் என்று கேட்டோம். பிள்ளைகளுள் ஒருவன், நாம் கடிந்துகொள்வோம் என்ற அச்சம் சிறிதும் இன்றி, மகிழ்ச்சியோடு நிமிர்ந்து சொன்னான்: "ஆண்ட்ரூ டேட், பெரியத்தா. இவர் இப்ப நம்ம ஆளு. இஸ்லாத்துக்கு வந்துட்டார்."

நம்ம ஆளு! இக்கட்டுரையை எழுதத் தூண்டியவை இவ்விரு சொற்களேயாம்.

யார் இந்த மனிதர்? அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தின் லூட்டன் நகரில் வளர்ந்தவர். குத்துச்சண்டையும் உதைச்சண்டையும் கலந்த 'கிக்பாக்ஸிங்' ஆட்டத்தில் பெயர் பெற்றவர். தாம் ஒரு பெண்வெறுப்பாளர் என்று நேர்காணலிலேயே ஒப்புக்கொண்டவர். 2022 ஆகஸ்டில் முகநூலும் இன்ஸ்டாகிராமும் டிக்டாக்கும் யூடியூபும் அவரைத் தத்தம் தளங்களிலிருந்து நீக்கின. அவர் இஸ்லாத்தைத் தழுவிய செய்தி அதே ஆண்டு அக்டோபரில் வெளியாயிற்று. டிசம்பர் 29 அன்று ருமேனியக் காவல் துறையினர் அவரையும் அவர்தம் தம்பியையும் கைது செய்தனர். 2023 ஜூனில் பாலியல் வன்முறை, ஆட்கடத்தல் முதலிய குற்றங்கள் அவர்மீது சுமத்தப்பட்டன. 2024 டிசம்பரில் புக்காரெஸ்ட் மேல்முறையீட்டு மன்றம் குற்றப்பத்திரிகையில் குறைகள் கண்டு வழக்கை அரசு வழக்குரைஞர்களிடமே திருப்பியனுப்பியது. இங்கிலாந்திலும் அவர்மீது குற்றச்சாட்டுகள் உள்ளன. அனைத்தையும் அவர் மறுக்கிறார். வழக்கின் முடிவை நீதிமன்றங்கள் சொல்லட்டும். அவருடைய ஈமானைப் பற்றி நாம் ஒரு சொல்லும் சொல்லப் போவதில்லை. அது அவருக்கும் அவரைப் படைத்தவனுக்கும் இடையில் உள்ளது. ஆனால் நேற்று கலிமா சொன்ன ஒருவரை இன்று நம் பிள்ளைகளுக்கு ஆசிரியராக அமர்த்தியது யார்? வாழ்த்துச் சொல்லி மாலையிடாத குறையாக அவரைக் கொண்டாடிக் காணொளி வெளியிட்ட பேச்சாளர்களை நாம் அறிவோம். கோடிக்கணக்கான இளைஞர் பின்தொடரும் ஒருவர் நம் அணிக்கு வந்துவிட்டார் என்ற பூரிப்பில், அவர் கையோடு கொண்டுவந்த சரக்கு என்னவென்று மூட்டையை அவிழ்த்துப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லாமற் போயிற்று.

சரக்கு என்று நாம் சொன்னது உவமைக்காக அன்று. அஃது உண்மையிலேயே வாணிகம். மாதம் ஏறத்தாழ 50 டாலர் கட்டணம் வாங்கி, செல்வம் சேர்க்கும் வழியைக் கற்பிப்பதாகச் சொல்லும் ஓர் இணையப் 'பல்கலைக்கழகத்தை' அவர் நடத்தினார். அதில் சேர்ந்தவர்கள் அவருடைய பேச்சின் துண்டுகளை வெட்டி ஆயிரக்கணக்கான கணக்குகளில் பரப்பினர். அவற்றின் வழியே புதிதாய் ஒருவர் சேர்ந்தால் பரப்பியவருக்குத் தரகு கிடைத்தது. எந்தத் துண்டு மிகுதியாகச் சினமூட்டுமோ அதுவே மிகுதியாகப் பார்க்கப்படும். சினந்து மறுப்பவனின் பார்வையும் கணக்கில் ஒரு பார்வையே. ஆகவே சண்டை மூட்டும் பேச்சையே தேர்ந்தெடுத்துப் பரப்பும்படி அவர்கள் பழக்கப்பட்டிருந்தனர் என்பது 2022-இல் வெளிவந்த புலனாய்வுச் செய்திகளில் அம்பலமாயிற்று. திண்ணையில் அமர்ந்திருந்த நம் பிள்ளை தானாகத் தேடிச் சென்று அந்தக் காணொளியைக் கண்டான் அல்லன். உடற்பயிற்சி பற்றியோ, காற்பந்து பற்றியோ எதையோ பார்த்துக்கொண்டிருந்தவன்முன் அது தானே வந்து விழுந்தது. அவன் சில நொடி நின்று பார்த்தான். பொறி அதைக் குறித்துக்கொண்டது. அடுத்த நாள் அத்தகையவை பத்து வந்து விழுந்தன. ஒரு வாரத்தில் உலகமே அவ்வாறு பேசுவதாக அவனுக்குத் தோன்றிவிட்டது. காசுக்காக விரித்த வலையில் சிக்கியவனை, மார்க்கத்தின் பெயரால் நாமும் உள்ளே தள்ளிவிட்டோம்.

இந்த இடத்தில் வாசகர் சிலர் முகஞ்சுளிப்பர் என்பதை அறிவோம். நம் சமுதாயத்தின்மீது இத்தனை பகை சூழ்ந்திருக்கும் காலத்தில் நம் பிள்ளைகளையே குற்றம் சொல்லலாமா என்பர். அந்தப் பகையிலிருந்தே தொடங்குவோம்.

2021 ஜூலையில் 'சுல்லி டீல்ஸ்' என்ற பெயரில் ஒரு செயலி தோன்றிற்று. முஸ்லிம் பெண்கள் எண்பது பேருக்கும் மேற்பட்டோரின் படங்களை அவர்தம் சமூக ஊடகப் பக்கங்களிலிருந்து திருடி, இன்றைய 'டீல்' இவள் என்று ஏலத்திற்கு வைத்தது அது. ஆறு மாதங்கூட ஆகவில்லை. 2022-ஆம் ஆண்டின் முதல் நாள் காலையில் 'புல்லி பாய்' என்ற மற்றொன்று வந்தது. இம்முறை நூறு பேருக்கு மேல். பத்திரிகையாளர், வழக்குரைஞர், நடிகை என்று குரல் உள்ள பெண்களெல்லாம் அதில் இருந்தனர். 2016-இல் தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் காணாமற்போன மாணவர் நஜீபைத் தேடி ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறிய முதிய தாயாரின் படமும் அதில் இருந்தது. மகனைத் தொலைத்த தாயை ஏலம் விட்டனர்! யாரும் யாரையும் வாங்கவில்லை; விற்கவும் இல்லை. இழிவுபடுத்துவது ஒன்றே நோக்கம்.

அந்நாளில் நாம் கொதித்தோம், கொதித்தது முறையே. ஆனால் கைது செய்யப்பட்டவர்கள் யார் என்ற செய்தி வந்தபோது நம்மில் எத்தனை பேர் நின்று சிந்தித்தோம்? அறுபது வயது அரசியல்வாதிகளா அவர்கள்? 'புல்லி பாய்' வழக்கில் பிடிபட்டோர் பெரும்பாலும் இருபது, இருபத்தொரு வயதுக் கல்லூரி மாணவர். ஒருவர் பதினெட்டு வயதுப் பெண். ஆம், பெண். தாயும் தந்தையும் அடுத்தடுத்து இறந்துபோன இளம்பெண் என்று செய்திகள் கூறின. அனைவரும் 2022-லேயே பிணையில் வெளிவந்தனர். தில்லி மன்றம் இருவருக்குப் பிணை வழங்குகையில், முதன்முறை குற்றஞ்சாட்டப்பட்டவர்கள், நெடுநாள் சிறை அவர்தம் நலனைக் கெடுக்கும் என்று கருதிற்று. நமக்கு அது கசந்தது. எனினும் பள்ளிப் பருவத்திலேயே ஒரு பிள்ளையின் உள்ளத்தில் இத்தகைய நஞ்சு எவ்வாறு இறங்குகிறது, கணினிமுன் தனித்திருக்கும் ஓர் அறையில் அது எவ்வாறு வளர்கிறது என்ற வினா அந்தக் கசப்பினும் பெரிது. அவர்களுக்கு யாரோ வேறொரு மதத்தின் பெயரால் கொடுத்ததும், நம் திண்ணைப் பிள்ளைக்கு நம் மதத்தின் பெயரால் கொடுப்பதும் அடியில் ஒரே சரக்கு அல்லவா? பெண் ஒரு பொருள். பொருளாயின் ஏலம் விடலாம். பொருளாயின் பூட்டியும் வைக்கலாம்.

நம் கைகள் தூய்மையானவை என்று சொல்லிக்கொள்ள வரலாறு இடம் தரவில்லை. 2016 டிசம்பரில் கிரிக்கெட் வீரர் முகம்மது ஷமி தம் மனைவியுடன் எடுத்த படமொன்றை முகநூலில் இட்டார். அப்பெண்மணி அணிந்திருந்த உடையைக் குறித்து அதன்கீழ் வந்து குவிந்த வசைகளை எழுதியோர் பெரும்பாலும் யார் என்பது நமக்குத் தெரியும். அடுத்த மாதமே காஷ்மீரத்துச் சிறுமி ஸைரா வசீமுக்கு அதே கதி. திரைப்படத்தில் நடித்த அப்பெண்ணுக்கு அப்போது பதினாறு வயது. மாநில முதலமைச்சரைச் சந்தித்த ஒரே குற்றத்திற்காக இணையத்தில் ஏசப்பட்டு, பொதுவில் மன்னிப்புக் கேட்கும் நிலைக்குத் தள்ளப்பட்டாள். பதினாறு வயதுப் பெண்ணை ஊரே சேர்ந்து மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டு, எதை வென்றோம்? நம் ஊர்களிலும் என்ன வாழ்கிறது? கல்லூரி விழாவில் பாடிய பெண்ணின் படம், தோழியுடன் கடற்கரையில் நின்ற பெண்ணின் படம், தெரு வாட்ஸ்ஆப் குழுவில் வலம் வரும். அதன்கீழ், "இன்னார் மகளா இது?" என்ற வினா வரும். ஐவேளை தொழும் ஆண்கள் அதை இன்னொரு குழுவுக்கு அனுப்புவர், உபதேசம் என்ற எண்ணத்தோடு.

இத்தகையோர் கையிலெடுக்கும் இறைமறையில், அவர்கள் விரைந்து கடந்துவிடும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. அந்நூர் என்னும் 24-ஆம் அத்தியாயம். பார்வையைத் தாழ்த்துமாறு இடும் கட்டளை அதில் முதலில் ஆண்களை நோக்கியே வருகிறது, 30-ஆம் வசனத்தில். பெண்களுக்கான கட்டளை அதன்பின் 31-இல். நம் மேடைகளில் நாற்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். 31-ஐப் பற்றிய பயான்களுக்குக் கணக்கில்லை, 30-ஐப் பற்றி முழுதாக ஒரு மணி நேரம் பேசிய ஆலிமைக் காண்பது அரிது. அவ்வத்தியாயம் இறங்கியதன் பின்னணியோ இன்றைய இணையத்திற்கென்றே எழுதி வைத்தது போன்றது.

பனூ முஸ்தலிக் படையெடுப்பிலிருந்து திரும்பும் வழியில், தொலைந்த கழுத்துமாலையைத் தேடப் போன அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பின்தங்கிவிட்டார்கள். பல்லக்கில் அவர் இருக்கிறார் என்றெண்ணிப் படை நகர்ந்துவிட்டது. பின்னால் வந்த ஸஃப்வான் (ரலி) அவரைத் தம் ஒட்டகத்தில் ஏற்றி, தாம் கயிற்றைப் பிடித்து நடந்து வந்து சேர்த்தார். அவ்வளவே நடந்தது. அதன்பின் ஏறத்தாழ ஒரு மாதம் மதீனா முழுதும் அவதூறு பரவிற்று. பதின்பருவத்து இளம்பெண் அவர். செய்தி காதில் விழுந்த பின் இரு இரவும் ஒரு பகலும் கண்ணீர் நிற்கவில்லை; அழுகையால் ஈரலே வெடித்துவிடுமோ எனத் தாம் எண்ணியதாகப் பிற்காலத்தில் கூறினார். அப்போது அன்ஸாரிப் பெண் ஒருவர் வந்து அனுமதி கேட்டு உள்ளே நுழைந்து, ஒன்றும் பேசாது உடன் அமர்ந்து அழுதாராம். பெயர்கூடச் சொல்லப்படாத அந்தப் பெண்மணியை நாம் அடிக்கடி நினைப்பதுண்டு.

நயவஞ்சகர் தொடங்கிய அவதூறை எடுத்துச் சென்றவர் யார் என்று பார்த்தால் நெஞ்சு திடுக்கிடும். பத்ருப் போரில் கலந்துகொண்ட மிஸ்தஹ், கவிஞர் ஹஸ்ஸான், ஹம்னா என்ற பெண்மணி என்று நல்லோரும் அதில் இருந்தனர். இறைவசனம் இறங்கியபோது அது கடிந்தது, கேட்டதை நாவிலிருந்து நாவுக்கு மாற்றிக்கொண்டிருந்ததை. அறியாத ஒன்றைப் பேசிவிட்டு அதை அற்பமாக எண்ணியதை. இன்று நாவுக்குப் பதில் விரல். வேறு வேற்றுமை உண்டா? நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன் என்று சொல்லும் இளைஞனுக்கு அந்த 15-ஆம் வசனத்தை விடத் தெளிவான மறுமொழி எந்தப் பாடநூலில் இருக்கிறது? அந்தப் புயலிலும் நிலைதவறாதோர் இருந்தனர். அபூ அய்யூப் (ரலி) வீட்டில் மனைவி இச்செய்தியைச் சொன்னபோது, நீ இப்படிச் செய்வாயா என்று கேட்டார் அவர். மாட்டேன் என்றார் மனைவி. ஆயிஷா உன்னினும் சிறந்தவர் அல்லவா என்று சொல்லி முடித்துவிட்டார். அவதூறு ஒரு வீட்டு வாசலில் எவ்வாறு செத்து விழுகிறது என்பதற்கு அது சான்று. நம் மதரஸாப் பிள்ளைகளுக்கு இக்கதை தெரியுமா? ஆயிஷா நாயகியின் மாசின்மைக்குச் சான்றாகத் தெரியும். தம் கைபேசிக்குச் சட்டமாகத் தெரியாது.

இனி அந்தப் பிள்ளைகளிடமே திரும்புவோம். அவர்களைப் பேயாகக் காட்டுவது நம் நோக்கமன்று. பிறக்கும்போதே எவனும் வெறுப்பைக் கொண்டு வருவதில்லை. அத்திண்ணையில் நாம் கண்ட நால்வருள் இருவருடைய தந்தையர் வளைகுடாவில் இருக்கின்றனர்; ஒருவர் ஜித்தாவில், ஒருவர் துபாயில். இரண்டாண்டுக்கு ஒருமுறை நாற்பது நாள் விடுப்பில் வருவர். வந்த முதல் வாரம் பெட்டி பிரிப்பதிலும் உறவினர் வீட்டு விருந்திலும் கழியும். மகன் வெட்கப்பட்டு மூலையில் நிற்பான். பழகத் தொடங்கும்போது விமானச் சீட்டின் தேதி வந்துவிடும். மற்ற நாளெல்லாம் தந்தை என்பவர் வெள்ளிக்கிழமை ஒலிக்கும் ஒரு குரல்: நல்லாப் படி, அம்மாவைப் பார்த்துக்கோ, தங்கச்சியைக் கவனி, போனை அம்மாகிட்ட கொடு. எட்டாம் வகுப்புப் பையன் அன்று முதல் வீட்டின் 'ஆம்பிளை' ஆகிவிடுகிறான். அக்காள் கடைத்தெருவுக்குப் போக இவன் துணை போக வேண்டும். பெண்பிள்ளை யாரோடு பேசுகிறாள் என்று இவன் கண்காணிக்க வேண்டும். தனக்கே மீசை அரும்பாதவனுக்கு இரு பெண்களின் மானத்தைக் காக்கும் பொறுப்பு! அவனுக்கு அச்சம் வந்தால் யாரிடம் சொல்வான்? கணக்கில் தோற்றால், வகுப்பில் எவனாவது கேலி செய்தால், பேசிய பெண்ணொருத்தி பேச்சை நிறுத்தினால் யாரிடம் அழுவான்? பொம்பிளை மாதிரி அழாதே என்ற சொல்லை அவன் நடக்கப் பழகிய நாள் முதல் கேட்டிருக்கிறான். தந்தையில்லாத அந்த வெற்றிடத்தில் ஓர் ஆண்குரல் நுழைகிறது. உரத்த குரல், தயக்கமற்ற குரல், உன் துன்பத்திற்குக் காரணம் நீ அல்லன், பெண்கள் என்று சொல்லும் குரல். அதற்கு அவன் செவி சாய்ப்பதில் வியப்பென்ன?

அந்தக் குரலுக்கு வெளியேயும் அவனை நெருக்குவன பல. இருபத்திரண்டு வயதில் விசா, இருபத்தாறில் வீடு, அதற்குமுன் தங்கைக்குக் கலியாணம். மார்க்கமோ மணமகனே மஹர் கொடுக்க வேண்டும் என்கிறது. நம் ஊர்களிலோ கைக்கூலி இன்னும் வேறு பெயர்களில் கைமாறுகிறது. விலை குறித்து வாங்கப்படும் ஆணும் ஒருவகையில் ஏலப் பொருளே என்பதை அவன் என்றேனும் உணர்வான். உணர்ந்தும் சொல்ல மாட்டான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 1,70,924 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபத்திரண்டு பேர் ஆண்கள். காரணங்கள் பலவாயினும், அழத் தெரியாதவனாக ஒருவனை வளர்ப்பது அவனுக்குச் செய்யும் நன்மை என்று இக்கணக்கைப் பார்த்தபின் யாரும் சொல்லத் துணியார்.

அழுவது ஆண்மைக்கு இழுக்கு என்ற இந்தச் சட்டத்தை இயற்றியது யார்? இஸ்லாம் இல்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் தம் குழந்தை இப்ராஹீம் உயிர் பிரியும் நேரத்தில் அவரைக் கையில் ஏந்திக் கண்ணீர் வடித்தார்கள். தாங்களுமா என்று தோழர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் வியந்து கேட்டபோது, இஃது இரக்கம் என்று விடை பகர்ந்தார்கள். கண்ணீரை ஒளிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவுமில்லை. பேரக்குழந்தையை முத்தமிட்டதைக் கண்டு, எனக்குப் பத்துப் பிள்ளைகள், ஒருவனையும் நான் முத்தமிட்டதில்லை என்று பெருமை பேசிய அக்ரஃ என்னும் தலைவரிடம், இரக்கம் காட்டாதவனுக்கு இரக்கம் காட்டப்படாது என்றார்கள். தம் செருப்பைத் தாமே தைத்தார்கள். வீட்டு வேலையில் மனைவியருக்கு உதவினார்கள். ஆயிஷாவோடு ஓட்டப்பந்தயம் ஓடி ஒருமுறை தோற்கவும் செய்தார்கள். மனைவியிடம் தோற்றதை மறைக்காத ஒரு தலைவரின் உம்மத்தில் பிறந்த பிள்ளை, பெண்ணிடம் எதிலும் தோற்கலாகாது என்று கற்பிக்கும் ஒரு வணிகரை 'நம்ம ஆளு' என்கிறான். அவனுக்கு முன்னதைச் சொல்லிக் கொடுக்காதவர்கள் நாம்.

இதற்குத் தீர்வாக நம்மவர் முதலில் கையிலெடுப்பது பூட்டு. பெண்பிள்ளையிடமிருந்து கைபேசியைப் பறி. படம் போடாதே என்று சொல். வயது வந்ததும் நிறுத்து. களவு போன வீட்டில் திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரியைச் சிறை வைக்கும் நீதி இது. சித்தி ஜுனைதா பேகம் நாகூரில் இருந்துகொண்டு 1938-இல் 'காதலா? கடமையா?' என்ற நாவலை வெளியிட்டார், உ.வே. சாமிநாதையர் அதற்கு மதிப்புரை தந்தார். மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பெண்ணின் எழுத்து அது. இன்னும் படித்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று நாம் வருந்துவதோடு சரி, அதே நிறுத்தத்தை இன்று கைபேசிக்குச் செய்கிறோம். 'புல்லி பாய்' ஏலக்காரர் விரும்பியதும் இதுவே: முஸ்லிம் பெண்கள் வாய்மூடிப் பொதுவெளியை விட்டுப் போகவேண்டும். அவர்கள் செய்ய முயன்றதை நாம் அன்பின் பெயரால் செய்து கொடுக்க வேண்டுமா?

பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்பது அடுத்த வாதம். பள்ளிக்கூடம் பார்த்த இலட்சணம் தெரிந்ததே. மைய அரசு கொணர்ந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007-இல் பண்பாட்டுக்கு ஆகாது என்று பல மாநிலங்கள் ஒதுக்கித் தள்ளின. 2020 மே மாதம் தில்லியின் பெயர்பெற்ற பள்ளிகளின் மாணவர்கள் இன்ஸ்டாகிராமில் ஒரு குழு அமைத்து, உடன்படிக்கும் சிறுமியரின் படங்களைப் பகிர்ந்து இழிமொழி பேசியது வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. ஒரு வாரம் அதிர்ந்தது, பிறகு மறந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக நல்ல முயற்சி இல்லாமலில்லை. 2024-இல் கேரளம் தன் தொடக்க வகுப்புப் பாடநூலில் தந்தை தேங்காய் துருவும் படத்தை அச்சிட்டது. சிரித்தவர்கள் சிரித்தார்கள். சமையலறையில் தகப்பனைக் கண்டு வளரும் பிள்ளைக்கு அந்தப் படத்தில் சிரிக்க ஒன்றுமிராது. பிற இடங்களில் நடப்பது ஆண்டுக்கு ஒருநாள் முகாம். காவல் துறையிலிருந்து ஒருவர் வந்து, பிரிவு எண்களை வாசித்து அச்சுறுத்திவிட்டுப் போவார். அந்தப் பிரிவுகளும் தெரிய வேண்டியனவே. ஒரு பெண்ணின் இணைய நடமாட்டத்தை ஓயாது பின்தொடர்ந்து கண்காணிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி குற்றம். பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணின் ஆபாசப் படத்தைக் கைபேசியில் சேர்த்து வைத்திருப்பதே 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் மாட்டிவிடும். ஆனால் அச்சத்தால் அடங்கிய பிள்ளை அடுத்த அறைக்குப் போய்ப் புதுப்பெயரில் கணக்குத் தொடங்குவான். பொள்ளாச்சியில் நடந்ததற்குச் சட்டம் இல்லாமலா இருந்தது? முகநூலில் நட்புப் பேசி அழைத்துப்போய்ப் பெண்களைச் சீரழித்துப் படமெடுத்து மிரட்டிய ஒன்பது பேருக்கு, சாகும்வரை சிறை என்று 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புகார் கொடுத்த பெண்ணின் பெயர் வெளிப்பட்டது, அதைக் காக்க வேண்டியவர்களாலேயே! தண்டனை வந்தது, ஆறாண்டு கழித்து. அந்த ஒன்பது பேரும் ஒரு காலத்தில் பதினைந்து வயதுப் பிள்ளைகளாக எவருடைய திண்ணையிலோ அமர்ந்திருந்தவர்கள்தாம்.

இன்னும் ஒரு சாரார், இஃதெல்லாம் மேலைநாட்டார் வாந்தி, நமக்கெதற்கு என்பர். டேட் எந்நாட்டுச் சரக்கு என்று அவர்களைக் கேட்க வேண்டும். நஞ்சு அங்கிருந்து வரலாம், மருந்து மட்டும் வரலாகாதா? 2025 மார்ச்சில் இங்கிலாந்தில் 'அடோலசென்ஸ்' என்ற நான்கு பகுதித் தொடர் வெளிவந்தது. உடன்படித்த சிறுமியைக் கொன்றதாகப் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் கைதாவதில் தொடங்கும் கதை. அவனுடைய பெற்றோர் தீயவர் அல்லர். மகன் தன் அறையில் பத்திரமாக இருக்கிறான் என்று நம்பியதே அவர்கள் செய்த பிழை. அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் அதை இலவசமாகத் திரையிட ஏற்பாடாயிற்று. நம் வீடுகளிலும் பையன் அறைக்குள் இருந்தால் தாய்க்கு நிம்மதி. வெளியே போனால்தான் கவலை.

நாம் கேட்பது பெரிய ஏற்பாடு எதுவுமன்று. மதரஸாவில் ஆண்பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம். அதில் இஃப்க் சம்பவத்தை முதலிலிருந்து முடிவுவரை சொல்ல வேண்டும், பிள்ளைகளின் கைபேசியை நடுவில் வைத்து. காணொளி யாருக்குக் காசாகிறது என்று கணக்கிட்டுக் காட்ட வேண்டும். காசுக் கணக்குப் பிள்ளைகளுக்கு விரைவில் புரியும், ஏமாற்றப்பட்டோம் என்று அறிவதைப் போல் அவர்களைச் சுடுவது வேறில்லை. அக்காள்மார் வயதில் கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தியை அழைத்து, பேருந்திலும் இணையத்திலும் ஒரு நாளில் அவள் கேட்கும் சொற்களை அவள் வாயாலேயே சொல்லச் செய்ய வேண்டும். பிழை செய்த பிள்ளையை ஊர் கூட்டி அவமானப்படுத்தலாகாது. தம் மகளை அவதூறு செய்த மிஸ்தஹுக்கு இனி உதவுவதில்லை என்று சூளுரைத்தார் அபூபக்ர் (ரலி). மன்னிக்கச் சொல்லி வசனம் இறங்கியதும் உதவியைத் தொடர்ந்தார். மிஸ்தஹ் தண்டனைக்குத் தப்பினார் என்று எண்ணிவிட வேண்டாம். எண்பது கசையடி பெற்றார் என்றே அறிவிப்புகள் கூறும். தண்டனையும் கிடைத்தது, சோறும் நிற்கவில்லை.

இந்த யோசனையை நம் ஜமாஅத் கூட்டத்தில் வைத்தோம். பெரியவர் ஒருவர் குறுக்கிட்டு, பொம்பிளைப் பிள்ளைகளுக்கு வையுங்கள், பையன்களுக்கு எதற்கு என்றார். கல்லூரிப் பெண் வந்து பேசுவது என்றதும் கூட்டத்தில் பாதி எழுந்துகொண்டது. இறுதியில், பெண் பேசுவது பிறகு பார்க்கலாம், ஒரு மாதம் நடத்திப் பாருங்கள் என்று அரை மனதோடு அனுமதி கிடைத்தது. செலவுக்குப் பணமில்லை என்றார் பொருளாளர். புதிய ஒலிபெருக்கிக்கு ஒதுக்கியிருந்ததை நினைவூட்டவில்லை, சண்டை வேண்டாமென்று.

திண்ணைப் பிள்ளைகளில் ஒருவனுடைய தந்தை இந்த ரமளானுக்கு ஜித்தாவிலிருந்து வருகிறார். முதல் வகுப்பில் பேச அவரையே அழைத்திருக்கிறோம். எனக்கு என்ன தெரியும், நான் பத்தாம் வகுப்பு ஃபெயில், என்ன பேசுவேன் என்று தொலைபேசியில் கேட்டார். முதன்முதலாக விமானம் ஏறிய இரவு அழுதீர்களா என்பதை மட்டும் உங்கள் மகன் கேட்கச் சொல்லுங்கள் என்றோம்.

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, வருகிறேன் என்றார்.